இலவச சிஎம்எஸ் கருவிகள்: அவுட்பேஷன்ட் கோடிங்குக்கு எதுவரை போதும்?

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தை நடத்தும் சிஎம்எஸ், அவுட்பேஷன்ட் (மருத்துவமனையில் சேர்க்கப்படாத நோயாளி) கோடிங்குக்கும் (சிகிச்சையைக் குறியீட்டு எண்ணாக மாற்றும் வேலை) பில்லிங்குக்கும் வேண்டிய விதிகளைக் காலாண்டுக்கு ஒருமுறை தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. சென்னை, கோவை, திருச்சி அலுவலகங்களில் ஓடும் பெரும்பாலான என்கோடர் (கோட் தேடித் தரும்) சாஃப்ட்வேர்களில் தெரியும் எடிட் (கிளெய்மைத் தடுக்கும் விதி) எல்லாம் இந்தக் கோப்புகளிலிருந்து போனவைதான். மூலத்தையே நேராகத் திறந்து வேலை பார்க்க முடியுமா, முடிந்தால் எங்கே தடுக்கும் என்பதுதான் இந்த விமர்சனம். ப்ரோஃபீ (டாக்டர் கட்டணம்), ஹாஸ்பிடல் ஃபெசிலிட்டி (மருத்துவமனைக் கட்டணம்) இரண்டையும் தொடும் கோடர்கள், கியூஏ (தரம் சரிபார்ப்பவர்), டினையல் (பணம் மறுக்கப்பட்ட கிளெய்ம்) பார்க்கும் ஏஆர் (வரவேண்டிய பணத்தைக் கவனிக்கும்) டீம் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கிளெய்ம் மெடிகேரில் நிற்குமா, எந்த மாடிஃபையர் (கோடுடன் சேர்க்கும் சிறு குறி) வேண்டும், எத்தனை யூனிட் போகும், ஏன் டினை ஆனது ஆகிய கேள்விகளுக்கு இந்த இலவசக் கோப்புகளை விட நம்பகமானது வேறில்லை. ஒரு கோடின் பொருள் என்ன, எந்த டாகுமென்டேஷன் இருந்தால் அதைப் போடலாம் என்பதற்கு இவை உதவாது. அங்கே சிபிடி (சிகிச்சைகளுக்கான கோட்) புத்தகம் கையில் இருந்தே ஆக வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை இவை: என்சிசிஐ பிடிபி எடிட் கோப்புகள் (எந்த இரு கோடுகள் ஒன்றாகப் போகாது என்பவை), எம்யூஇ கோப்புகள் (யூனிட் வரம்பு), ஓபிபிஎஸ் அடெண்டம் பி (ஹாஸ்பிடல் அவுட்பேஷன்ட் ரேட் பட்டியல்), ஃபிசிஷியன் ஃபீ ஷெட்யூல் தேடுதளம் (டாக்டர் ரேட்), மெடிகேர் கவரேஜ் டேட்டாபேஸ். இவற்றோடு ஐஓசிஇ (ஹாஸ்பிடல் கிளெய்மைச் சோதிக்கும் மென்பொருள்) வெளியீடும், எம்எல்என் மேட்டர்ஸ் என்ற சிஎம்எஸ் விளக்கக் கட்டுரைகளும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புகழ்வதை விட, ஒரு சார்ட்டை (நோயாளியின் மருத்துவப் பதிவு) எடுத்து எல்லாவற்றின் வழியாகவும் ஓட்டிப் பார்த்தால் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

மெடிகேர் நோயாளி, ஸ்க்ரீனிங் கொலனோஸ்கோபிக்கு வருகிறார். சிக்மாய்டில் இருந்த ஒரு பாலிப் ஸ்நேர் (கம்பிச் சுருக்கு) மூலம் எடுக்கப்படுகிறது. அசெண்டிங் கோலனில் இருந்த வேறொரு சிறு பாலிப்பில் ஃபோர்செப்ஸ் பயாப்ஸி. அவுட்பேஷன்ட் வேலையில் தினமும் வரும் சார்ட். கோடுகள் 45385 (ஸ்நேர்), 45380 (பயாப்ஸி). ஸ்க்ரீனிங்காகத் தொடங்கி சிகிச்சையாக மாறியதால் மெடிகேருக்கு பிடி மாடிஃபையர் சேரும். கமர்ஷியல் பேயர் (தனியார் காப்பீட்டு நிறுவனம்) என்றால் அந்த இடத்தில் 33. முதல் டயக்னோசிஸ் இசட்12.11. பேத்தாலஜி அடினோமா என்று வந்தால் டி12.5, டி12.2, ஹைப்பர்பிளாஸ்டிக் என்றால் கே63.5. ரிப்போர்ட் வருவதற்கு முன் சந்தேகத்தை வைத்து அடினோமா கோட் போடக் கூடாது. ஐசிடி-10-சிஎம் (நோய்களுக்கான கோட்) வழிகாட்டியின் நான்காம் பிரிவு, 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்' என்று எழுதப்பட்டதை அவுட்பேஷன்டில் உறுதியான நோயாகக் கோட் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இன்பேஷன்டிலிருந்து மாறி வரும் கோடர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

இனி என்சிசிஐ. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த எடிட்களில், 45385 காலம் (நெடுவரிசை) 1-இலும் 45380 காலம் 2-இலும் ஜோடியாக நிற்கின்றன. மாடிஃபையர் இண்டிகேட்டர் 1. அதாவது தகுந்த காரணம் சார்ட்டில் இருந்தால் எடிட்டைத் தாண்டலாம். நம் சார்ட்டில் இரண்டும் வெவ்வேறு பாலிப், வெவ்வேறு இடம். ஆகவே 45380-க்கு 59 (தனிச் சேவை என்று காட்டும் மாடிஃபையர்) போடலாம், பேயர் கேட்டால் எக்ஸ்எஸ். ஒரே பாலிப்பில் முதலில் பயாப்ஸி எடுத்துப் பிறகு ஸ்நேர் செய்திருந்தால் 45385 மட்டும்தான். ஸ்நேரில் மூன்று பாலிப் எடுத்தாலும் 45385 ஒரு யூனிட்தான். கோடின் விளக்கத்திலேயே பன்மை அடங்கியிருக்கிறது. டயக்னோஸ்டிக் கொலனோஸ்கோபியான 45378-ஐத் தனியாகச் சேர்க்கவே கூடாது, சர்ஜிகல் எண்டோஸ்கோபியில் அது உள்ளடங்கியது.

இண்டிகேட்டர் 0 என்றால் எந்த மாடிஃபையரும் காப்பாற்றாது. 9 என்றால் அந்த எடிட் தொடங்கிய நாளிலேயே நீக்கப்பட்டது, பொருட்படுத்த வேண்டாம். 2019 ஜூலை 1 முதல் 59-ஐயோ எக்ஸ் வகை மாடிஃபையர்களையோ காலம் 1, காலம் 2 எந்தக் கோடில் போட்டாலும் மெடிகேர் சிஸ்டம் ஏற்கிறது. அதற்கு முன்பு காலம் 2-இல் மட்டும்தான். பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இதை இன்னும் எர்ரராக மார்க் பண்ணும் கியூஏ உண்டு. கமர்ஷியல் பேயர் என்றால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆகவே பேயரைப் பார்த்துவிட்டு மார்க் போடுவது நல்லது.

கோப்பின் அமைப்பில்தான் சிக்கல். பிடிபி எடிட்கள் இரு தொகுப்பாக வருகின்றன: ப்ராக்டிஷனர் ஒன்று, ஹாஸ்பிடல் அவுட்பேஷன்ட் ஒன்று. ஒவ்வொன்றும் நான்கு துண்டுகளாக, காலம் 1 கோடின் வரிசைப்படி பிரிக்கப்பட்டிருக்கும். 45385 இருக்கும் துண்டைத் திறக்காமல் வேறு துண்டில் தேடிவிட்டு 'எடிட் இல்லை' என்று முடிவு கட்டுவது மிகச் சுலபம். இன்னொன்று, ஜோடியை ஒரு வரிசையில் மட்டும் தேடுவது. எது காலம் 1, எது காலம் 2 என்று மனதால் ஊகிக்கக் கூடாது. இரு திசையிலும் தேட வேண்டும்.

நான்கு துண்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் ஒட்டப் பார்த்தால் 10,48,576 வரிசை என்ற எக்செல் வரம்பு இடிக்கும். பவர் க்வெரி அல்லது ஆக்சஸ் வழியே சேர்ப்பதுதான் வழி. சேர்க்கும்போது இரண்டு கோட் காலத்தையும் டெக்ஸ்ட் வடிவமாக வைக்கவும். எண்ணாக மாறினால் 00811 போன்ற அனஸ்தீசியா கோடுகளின் முன் பூஜ்யம் போய்விடும், விலுக்கப் (VLOOKUP) தேடலும் மௌனமாகத் தோற்கும். காலம் 1-ஐயும் காலம் 2-ஐயும் ஒட்டி ஒரு சாவிக் காலம் உருவாக்கி, தொடக்கத் தேதி டிஓஎஸ்-க்கு (சேவை நடந்த தேதி) முன்போ அன்றோ இருக்கிறதா, நீக்கத் தேதி காலியா அல்லது டிஓஎஸ்-க்குப் பிறகா என்று பாருங்கள். நீக்கத் தேதி காலத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் எடிட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இந்தத் தேதி விஷயத்தைத் தவறவிட்டு இன்றைய எடிட்டை ஆறு மாதம் முந்தைய டிஓஎஸ்-க்குப் பொருத்துவதால்தான் பாதி அப்பீல்கள் வீணாகின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

சில நேரம் எடிட் பின்தேதியிட்டே நீக்கப்படும். 2020 ஜனவரி 1 அன்று பிசியோதெரபி இவாலுவேஷன் கோடுகளான 97161 முதல் 97163 வரை உள்ளவற்றோடு 97530-ஐச் சேர்க்க முடியாதபடி எடிட் வந்தது. தொழில்முறை அமைப்புகள் எதிர்த்ததும், அதே ஜனவரி 1 தேதியிலிருந்தே அது நீக்கப்பட்டது. அந்த இடைவெளியில் டினை ஆன கிளெய்ம்களைத் திரும்பப் பார்த்தவர்களுக்குத்தான் பணம் வந்திருக்கும். அதனால் காலாண்டுக் கோப்போடு வரும் மாற்றப் பட்டியலை, அதாவது சேர்த்தவை, நீக்கியவை, மாற்றியவை அடங்கிய தனிக் கோப்பை, ஏஆர் டீம் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேர வேலைதான்.

எடிட் ஏன் இருக்கிறது என்பதற்குக் கோப்பில் ஒரு வரிக் காரணம் மட்டுமே இருக்கும். முழு விளக்கம் என்சிசிஐ பாலிசி மேனுவலில். கோட் வரிசைப்படி அத்தியாயங்கள். ஜீரண மண்டலம் ஆறாம் அத்தியாயம். அப்பீல் கடிதத்தில் மேனுவலின் அத்தியாயத்தையும் பிரிவையும் மேற்கோள் காட்டி எழுதினால், '59 போட்டிருக்கிறோம், பணம் தாருங்கள்' என்று எழுதுவதைவிடப் பல மடங்கு வலு.

அடுத்தது எம்யூஇ, ஒரு கோடுக்கு ஒரு நோயாளிக்கு அதிகபட்ச யூனிட். 2007 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ப்ராக்டிஷனர், ஃபெசிலிட்டி அவுட்பேஷன்ட், டிஎம்இ சப்ளையர் என மூன்று கோப்புகள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் பலர். பக்கத்தில் இருக்கும் எம்ஏஐ (எடிட்டின் வகை எண்) காலம்தான் உங்கள் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. 1 என்றால் எடிட் ஒவ்வொரு கிளெய்ம் லைனுக்கும். மருத்துவத் தேவை இருந்தால் பொருத்தமான மாடிஃபையரோடு லைனைப் பிரிக்கலாம். 2 என்றால் நாள் அடிப்படை, விதியே அப்படி. அப்பீலில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 3 என்றால் நாள் அடிப்படைதான், ஆனால் டாகுமென்டேஷனோடு அப்பீல் செய்ய இடம் உண்டு. எம்யூஇ டினையலை ஒதுக்கும்போது எம்ஏஐ எண்ணை வைத்துப் பிரித்துக் கொடுத்தால் ஏஆர் ஆட்களின் உழைப்பு சரியான இடத்துக்குப் போகும். ஒரு குறை: சில கோடுகளின் எம்யூஇ மதிப்பை சிஎம்எஸ் வெளியிடுவதில்லை. கோப்பில் இல்லை என்பதால் வரம்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இனி பணம். இங்கேதான் ப்ரோஃபீயும் ஃபெசிலிட்டியும் வேறு வேறு உலகம். நம் கொலனோஸ்கோபி ஹாஸ்பிடலில் நடந்தது என்றால், ஃபெசிலிட்டி பக்கத்துக்கு அடெண்டம் பி திறக்க வேண்டும். கோட், சுருக்க விளக்கம், ஸ்டேட்டஸ் இண்டிகேட்டர் (பணம் எப்படி வரும் என்று சொல்லும் எழுத்து), ஏபிசி (கட்டணத் தொகுதி) எண், ரேட், கோபேமென்ட் வரிசையாக இருக்கும். 45385, 45380 இரண்டுக்கும் ஸ்டேட்டஸ் 'டி'. இரண்டு 'டி' ஒரே நாளில் வந்தால் அதிகமானதுக்கு முழுத் தொகை, மற்றதுக்கு 50 சதவீதம். டாக்டர் பக்கத்துக்கு அதே ஜோடியை ஃபிசிஷியன் ஃபீ ஷெட்யூல் தளத்தில் போட்டால் மல்டிபிள் ப்ரொசீஜர் இண்டிகேட்டர் 3 என்று வரும், அடிப்படைக் கோட் 45378. அங்கே கணக்கு வேறு: 45385-க்கு முழுத் தொகை, 45380-க்கு அதன் தொகையிலிருந்து 45378-இன் தொகையைக் கழித்த மிச்சம். இது தெரியாத பேமென்ட் போஸ்டிங் ஆட்கள், சரியாக வந்த தொகையையே அண்டர்பேமென்ட் என்று பட்டியலிடுவார்கள். நோயாளியின் பங்கும் மாறியிருக்கிறது: பிடி மாடிஃபையர் உள்ள ஸ்க்ரீனிங்குக்கு 2023 முதல் 2026 வரை கோஇன்ஷூரன்ஸ் 15 சதவீதம், 2027 முதல் 2029 வரை 10, 2030-இலிருந்து ஒன்றும் இல்லை. பிடி விட்டுப்போனால் வயதானவர் ஒருவருக்குத் தேவையில்லாத பில் போகும். அதற்காகவாவது அந்த இரண்டெழுத்தை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்.

அடெண்டம் பி-யில் தெரியும் ரேட் தேசிய ரேட். உங்கள் ஹாஸ்பிடலுக்கு வருவது அதுவாக இருக்காது. அதில் 60 சதவீதத்தை அந்தப் பகுதியின் வேஜ் இண்டெக்ஸால் (கூலி அளவெண்) பெருக்கி, மீதி 40 சதவீதத்தைக் கூட்ட வேண்டும். ஸ்டேட்டஸ் எழுத்துகளின் முழு விளக்கம் அடெண்டம் டி1-இல் தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றாடத்துக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை சிலதான். 'என்' என்றால் தொகை வேறொன்றில் அடக்கம், தனியாக வராது. ஆனாலும் கோடையும் சார்ஜையும் கிளெய்மில் காட்டத்தான் வேண்டும், வருங்கால ரேட் அந்தச் சார்ஜ்களிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. 'ஜே1' என்றால் அந்தக் கிளெய்மில் உள்ள பெரும்பாலானவை அந்த ஒரே சேவைக்குள் அடங்கிவிடும். 'கியூ1' உள்ளது எஸ், டி, வி ஸ்டேட்டஸ் உள்ள சேவையோடு வந்தால் அடங்கிவிடும், தனியாக வந்தால் பணம் வரும். 'சி' இன்பேஷன்ட் மட்டும். 'பி' வந்தால், ஹாஸ்பிடல் கிளெய்முக்கு வேறு கோட் இருக்கிறதா என்று தேட வேண்டும். டாக்டர் 99213 போடும் கிளினிக் விசிட்டுக்கு ஹாஸ்பிடல் ஜி0463 போட வேண்டும் என்பது 2014 முதல் உள்ள விதி. ப்ரோஃபீயிலிருந்து ஃபெசிலிட்டி டீமுக்கு மாற்றப்பட்டவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சுருக்க விளக்கம் 28 எழுத்துக்குள்தான். அதை வைத்துக் கோட் தேர்ந்தெடுப்பது ஆபத்து. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சுருக்கம் இருக்கும்.

மருந்துகளுக்கு இந்தக் கோப்புகள் பாதி வழிதான் கூட்டிப்போகும். அடெண்டம் பி ரேட்டைச் சொல்லும்; வீணான அளவை எப்படிக் காட்டுவது என்பதைச் சொல்லாது. 100 மில்லிகிராம் சிங்கிள் டோஸ் வயல், 80 மில்லிகிராம் கொடுத்து 20 கொட்டப்பட்டது, ஜே கோட் (மருந்துக்கான கோட்) 10 மில்லிகிராமுக்கு ஒரு யூனிட் என்றால்: ஒரு லைனில் 8 யூனிட், அடுத்த லைனில் ஜேடபிள்யூ மாடிஃபையரோடு 2 யூனிட். ஒன்றும் வீணாகவில்லை என்றால் ஜேஇசட். 2023 ஜூலை 1 முதல் ஜேஇசட் கட்டாயம். நர்ஸ் நோட்டில் கொட்டிய அளவு எழுதப்படாவிட்டால் ஜேடபிள்யூ போடக் கூடாது, க்வெரி அனுப்ப வேண்டும். இன்ஃப்யூஷன் நேரமும் அப்படியே: தொடக்க நேரமும் முடிவு நேரமும் வேண்டும்; 15 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் புஷ், 16-இலிருந்துதான் இன்ஃப்யூஷன்; ஹைட்ரேஷன் 96360-க்குக் குறைந்தது 31 நிமிடம். இவை எந்தக் காலாண்டு எடிட் கோப்பிலும் இல்லை.

கோப்பில் தெரியாத விதிகளுக்கு நல்ல உதாரணம் ஜி2211 (நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதற்காக ஆபீஸ் விசிட்டோடு சேர்க்கும் கோட்). 2024 ஜனவரி 1 முதல் மெடிகேர் இதற்குப் பணம் தருகிறது. ஃபீ ஷெட்யூலில் பார்த்தால் சாதாரணமாகப் பணம் வரும் கோட் போலத்தான் இருக்கும். ஆனால் 2024-இல் ஆபீஸ் விசிட்டில் 25 மாடிஃபையர் (அதே நாளில் வேறு சேவையும் நடந்தது என்ற குறி) இருந்தால் ஜி2211 டினை. 2025 ஜனவரி 1 முதல், அந்த 25 வருடாந்திர வெல்னெஸ் விசிட்டுக்கோ, தடுப்பூசி போட்டதற்கோ, பார்ட் பி தடுப்புச் சேவைக்கோ என்றால் பணம் உண்டு. இந்த விதி எம்எல்என் மேட்டர்ஸ் கட்டுரையிலும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்ற சிஎம்எஸ் அறிவுறுத்தலிலும்தான் இருக்கிறது. எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம்: 2025 சிபிடி புத்தகத்தில் டெலிமெடிசின் கோடுகள் 98000 முதல் 98015 வரை புதிதாக வந்தன. புத்தகத்தை மட்டும் நம்பிப் போட்டால் மெடிகேரில் திரும்பி வரும். ஃபீ ஷெட்யூலில் அவற்றின் ஸ்டேட்டஸ் 'ஐ', அதாவது மெடிகேருக்குச் செல்லாது. 98016 மட்டும் செல்லும், ஜி2012-க்குப் பதிலாக வந்தது. புத்தகமும் தளமும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கிறது.

கவரேஜ் டேட்டாபேஸ் இந்தத் தொகுப்பிலேயே அழகாகச் செய்யப்பட்டது. கோடையும் மாநிலத்தையும் கொடுத்தால் அந்தப் பகுதி எம்ஏசி-யின் (மெடிகேர் கிளெய்மைக் கவனிக்கும் ஒப்பந்த நிறுவனம்) எல்சிடி (உள்ளூர்க் கவரேஜ் விதி), அதோடு பில்லிங் அண்ட் கோடிங் ஆர்ட்டிகிள் வரும். ஐசிடி பட்டியல் எல்சிடியில் இருக்காது, ஆர்ட்டிகிளில்தான் இருக்கும். சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லை என்ற) டினையல் வந்தால் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். பழைய வெர்ஷன்களும் கிடைப்பதால் டிஓஎஸ் அன்று அந்த டயக்னோசிஸ் பட்டியலில் இருந்ததா என்று காட்ட முடிகிறது. பட்டியலில் இருக்கிறது என்பதற்காகச் சார்ட்டில் இல்லாத டயக்னோசிஸை எடுத்துப் போடுவது மோசடி. எந்த அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள்.

தேதிகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சிபிடி ஜனவரி 1. என்சிசிஐ, எம்யூஇ, அடெண்டம் பி, ஹிக்பிக்ஸ் லெவல் 2 (ஜே, ஜி போன்ற கோடுகள்), ஐஓசிஇ எல்லாம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஐசிடி-10-சிஎம் அக்டோபர் 1, இடையில் ஏப்ரல் 1-உம். ஒவ்வொரு காலாண்டுக்கும் தனி ஃபோல்டர், பழையதை அழிக்காதீர்கள். மெடிகேரின் ஃபைலிங் வரம்பு 12 மாதம் என்பதால் குறைந்தது கடந்த ஐந்து காலாண்டாவது கையில் வேண்டும், ஆடிட் எடுப்பவர்கள் இன்னும் அதிகம் வைத்திருங்கள். சில சமயம் சிஎம்எஸ் திருத்திய கோப்பை மறுபடியும் ஏற்றும். காலாண்டின் முதல் நாள் இறக்கியதோடு நின்றுவிடாமல் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கும் என்கோடர் இதற்கு மேல் என்ன தருகிறது? டிஓஎஸ் கொடுத்தால் அந்தக் காலாண்டைத் தானே எடுக்கும், முழு விளக்கமும் சிபிடி அசிஸ்டன்ட் குறிப்புகளும் பக்கத்திலேயே இருக்கும், ஜோடியை இரு திசையிலும் தேடும். நாளுக்கு நூறு சார்ட் முடிக்க வேண்டியவருக்கு அந்த வேகம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் என்கோடரில் எடிட் சிவப்பாக வந்தால் ஏன் என்று கேட்க முடியாது, மூலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆகவே கோடர்களுக்கு என்கோடர், கியூஏவுக்கும் ஏஆருக்கும் மூலக் கோப்புகள் என்பது எங்கள் பரிந்துரை. சிறு பில்லிங் நிறுவனம், மெடிகேர் அளவு அதிகம், ஸ்பெஷாலிட்டி ஒன்றோ இரண்டோ என்றால் சிபிடி புத்தகமும் இந்தக் கோப்புகளும் மட்டுமே வைத்து நன்றாகவே ஓட்டலாம்.

இரண்டு எச்சரிக்கை மீதம். மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தோருக்கான காப்பீடு) என்சிசிஐ கோப்புகள் தனி. மெடிகேர் கோப்பைத் திறந்து மெடிகெய்ட் டினையலுக்குப் பதில் எழுதக் கூடாது. கமர்ஷியல் பேயர்கள் தங்கள் பாலிசியைத் தனியே வைத்திருப்பார்கள். கன்சல்டேஷன் கோடுகளை மெடிகேர் 2010-லேயே நிறுத்திவிட்டது, சில கமர்ஷியல் பேயர்கள் 99242 முதல் 99245 வரை இன்னும் ஏற்கிறார்கள். மற்றொன்று லைசென்ஸ். இந்தக் கோப்புகளைத் திறக்கும் முன் வரும் ஏஎம்ஏ (அமெரிக்க மருத்துவச் சங்கம்) ஒப்பந்தத்தை எல்லோரும் படிக்காமலே அக்செப்ட் அழுத்துகிறார்கள். சிபிடி உரிமை ஏஎம்ஏவுடையது, அந்த ஒப்பந்தம் பயன்பாட்டை அமெரிக்காவுக்குள் என்று வரையறுக்கிறது. இந்தியாவிலிருந்து வேலை செய்யும் நிறுவனம் என்றால் உங்கள் சிபிடி லைசென்ஸ் எதன் கீழ் வருகிறது, எத்தனை பேருக்கு என்பதைக் கம்ப்ளையன்ஸ் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கோப்புகளை டீமுக்குப் பகிருங்கள்.